முல்லர்: ஊருக்கு ஒருவர், நாடெங்கும் லட்சக்கணக்கானவர்

பெயர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறோம் இல்லையா, அந்த வரிசையில் இன்றைக்கு ஒரு ஜெர்மன் குடும்பப் பெயர். முல்லர்.

ஜெர்மனியில் படிக்கவோ வேலைக்கோ போனவங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். அங்கே அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் வீட்டு எண் கிடையாது. வாசலில் காலிங்பெல் பலகை இருக்கும். ஒவ்வொரு பொத்தான் பக்கத்திலும் ஒரு குடும்பப் பெயர். தபால்காரரும் அதைப் பார்த்துத்தான் தருவார், பார்சல்காரரும் அதைப் பார்த்துத்தான் அழுத்துவார். நான்கைந்து வாசல் நடந்து பார்த்தீங்கன்னா ஒரு முல்லர் கண்ணில் பட்டுவிடுவார். ஏறக்குறைய நூறு பேரில் ஒருத்தருக்கு இந்தப் பெயர். ஜெர்மன் மொழியியலாளர்கள் 2005-ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை வைத்துக் குடும்பப் பெயர்களுக்கென்றே ஒரு வரைபடத் தொகுதி தயாரித்தாங்க. அந்தக் கணக்கில் முல்லர் என்ற பெயரில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் இணைப்புகள். ஒவ்வொரு இணைப்புக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஸ்விட்சர்லாந்திலும் இதுதான் முதலிடம். ஆஸ்திரியாவில் மட்டும் க்ரூபர் முந்திக்கொள்கிறார்.

முதலில் உச்சரிப்பு. நாம் முல்லர் என்று எழுதுகிறோம், ஆனால் அந்த 'மு' நம்ம 'மு' இல்லை. 'உ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஒலி அது. உதட்டை 'உ' சொல்வதுபோலக் குவித்துக்கொண்டு, அப்படியே 'இ' சொல்லிப் பாருங்க. வருகிறதா? அதுதான். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. அதனால்தான் முல்லர், மியூலர், மில்லர் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஜெர்மானியர்களுக்கே புள்ளி வைக்க வசதி இல்லாத இடத்தில் 'யு, ஈ' என்று இரண்டு ஆங்கில எழுத்தாகப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற அந்தக் கீழ் வரியில் அப்படித்தான் இருக்கும். இப்படிப் பிரித்து எழுதிய பெயரோடு அமெரிக்கா போன குடும்பங்கள் சில, காலப்போக்கில் உச்சரிப்பையே மாற்றிக்கொண்டன. ட்ரம்ப் மீதான ரஷ்ய விவகாரத்தை விசாரித்த ராபர்ட் முல்லர் ஞாபகம் இருக்கா? அவர் பெயரை அமெரிக்கர்கள் 'மல்லர்' என்றுதான் சொல்வாங்க. இன்னும் நிறைய பேர் நேராக மில்லர் ஆகிவிட்டாங்க.

சரி, அர்த்தம். முல்லர் என்றால் மாவு மில்காரர். அவ்வளவுதான். லத்தீனில் 'மோலினா' என்றால் அரைவை ஆலை, 'மோலினாரியுஸ்' என்றால் அதை நடத்துகிறவர். ஜெர்மானியப் பழங்குடிகள் கையால் சுற்றுகிற திருகைக்கல்லில் அரைத்துக்கொண்டிருந்தாங்க. அதற்கு அவங்க மொழியிலேயே வேறு சொல் இருந்தது. தண்ணீரால் சுழலும் ஆலை ரோமானியர்களிடமிருந்து வந்தபோது, கருவியோடு சேர்ந்து சொல்லும் வந்தது. பழைய ஜெர்மனில் 'முலினாரி', பிறகு 'முல்னர்', பிறகு அந்த 'ன்' தேய்ந்து 'ல்'லோடு கரைந்து முல்லர். தேயாமல் 'ன்' நின்றுபோன இடங்களில் இன்றும் முல்னர் என்ற பெயர் உண்டு. வடக்கே கடலோரப் பக்கம் போனால் மோலர். அதே சொல்தான், வட்டார வழக்கு வேறு. இத்தாலியில் மொலினாரி, ஹங்கேரியில் மோல்னார், நெதர்லாந்தில் முல்டர். படித்தவர்கள் லத்தீனில் பெயர் வைத்துக்கொள்வது பெருமையாக இருந்த காலத்தில் சில முல்லர்கள் 'மோலிட்டர்' ஆனாங்க. மாவு மில்காரர்தான், கோட் போட்டிருக்கார், அவ்வளவே.

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த கேள்விக்கு வருகிறேன். குடும்பப் பெயர்கள் ஜெர்மன் பேசும் நாடுகளில் உறைந்தது சுமார் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுக்குள். அந்தக் காலத்தில் அங்கே பத்தில் எட்டு ஒன்பது பேர் நிலத்தில் உழைத்தவங்க. அப்படியென்றால் 'பவர்', அதாவது விவசாயி என்ற பெயர்தானே முதலிடத்தில் இருக்கணும்? முதல் பத்திலேயே அது இல்லை. முதலிடம் முல்லர். இரண்டாவது ஷ்மிட், கொல்லர். மூன்றாவது ஷ்னைடர், தையல்காரர். மாவு மில்காரர்கள் அந்தச் சமூகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பாங்க? ஊருக்கு ஒருத்தர்.

விடையும் அதிலேயே இருக்கு. ஊருக்கு ஒருத்தர் என்பதால்தான்!

ஒரு ஊரை நினைத்துப் பாருங்க. அறுபது வீடு. ஆண்களில் பாதிப் பேருக்கு ஹான்ஸ், கொன்ராட், ஹைன்ரிஷ் என்று நாலைந்து பெயர்தான். திரும்பத் திரும்ப அதே கிறிஸ்தவப் பெயர்கள். வரி எழுதுகிற எழுத்தர் வருகிறார். 'ஹான்ஸ்' என்று எழுதினால் எந்த ஹான்ஸ்? 'விவசாயி ஹான்ஸ்' என்று எழுதினாலும் பிரயோஜனம் இல்லை, எல்லா ஹான்ஸும் விவசாயிதான். ஆனால் 'மில்கார ஹான்ஸ்' என்று எழுதினால் ஊரே ஒரே ஆளைக் கைகாட்டும். ஆக, பெயர் என்பது பெரும்பாலான மக்கள் என்ன செய்தாங்க என்பதன் கணக்கு இல்லை. யார் தனியாகத் தெரிந்தாங்க என்பதன் கணக்கு. அடுத்த ஊரிலும் ஒரு மில், அதற்கடுத்த ஊரிலும் ஒரு மில். ஒவ்வொரு ஊரிலும் தனியாகத் தெரிந்த அந்த ஒற்றை மனிதனை எல்லாம் கூட்டினால் நாட்டிலேயே பெரிய கூட்டம் வந்துவிடுகிறது. ஒருத்தரோடு ஒருத்தருக்கு ரத்த உறவு கிடையாது. முல்லர் என்று ஒரு 'வம்சம்' கிடையவே கிடையாது. ஆயிரக்கணக்கான இடங்களில் தனித்தனியாக முளைத்த ஒரே பெயர்.

இதே தர்க்கம் மற்ற பெயர்களுக்கும் ஓரளவு பொருந்தும். ஷுல்ட்ஸ் என்றால் ஊர்த்தலைவர், பண்ணையாருக்குச் சேரவேண்டியதை வசூலித்துக் கொடுத்தவர். மையர் என்றால் பண்ணைக் காரியஸ்தர். ஊருக்கு ஒருவர்தான். வேபர், அதாவது நெசவாளர், அந்தப் பெயரில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கும். நெசவாளர்கள் கூட்டமாகவே இருந்தாங்க. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

தனியாகத் தெரிந்தார் என்று சொன்னேன். நல்லவிதமாகத்தான் தெரிந்தாரா? இங்கேதான் கதை கசக்கிறது.

அந்த மில் பெரும்பாலும் மில்காரருக்குச் சொந்தம் இல்லை. ஆறு பண்ணையாருடையது, தண்ணீர் உரிமை பண்ணையாருடையது, ஆலையும் பெரும்பாலும் அவருடையது. பல இடங்களில் 'இந்த ஊர்க்காரங்க இந்த மில்லில்தான் அரைக்கணும்' என்று கட்டாயம் வேறு. பக்கத்து ஊரில் நல்லா அரைக்கிறாங்க என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் அபராதம். பிரஷ்யாவில் இந்தக் கட்டாயத்தை ஒழித்தது 1810-ல்தான். மில்காரருக்குக் கூலி பணமாக இல்லை, தானியமாகத்தான். பல பகுதிகளில் பதினாறில் ஒரு பங்கு அவருக்கு. அளக்கிற படி அவர் கையில். அரைத்தால் எடை குறையும், உமி போகும், கல்லில் ஒட்டும், காற்றில் பறக்கும். எவ்வளவு பறந்தது, எவ்வளவு அவர் பையில் போனது? யாருக்குத் தெரியும்? நம்ம ஊர் மாவு மில்லில் நின்றவங்களுக்கு இது புரியும். "எனக்கு முன்னாடி மிளகாய் அரைச்சீங்களா? மெஷினுக்குள்ள எவ்ளோ மாவு தங்குது?" என்று எட்டிப் பார்க்காத ஆள் உண்டா?

வேறு மில்லுக்குப் போக முடியாது, அளவைச் சரிபார்க்கவும் முடியாது. அப்போ சந்தேகம் மட்டும்தான் மிஞ்சும். வரிசையில் கூட மில்காரர் பாரபட்சம் காட்டக்கூடாது, முதலில் வந்தவருக்கே முதலில் அரைக்கணும் என்று 13-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான 'சாக்ஸன்ஷ்பீகல்' விதி போட்டிருக்கிறது. அது பழமொழியாகி இன்றும் ஜெர்மானியர்கள் வாயில் இருக்கு. பஸ்ஸில் இடம் பிடிக்கிறவரும் மாவரைப்பதைப் பற்றித்தான் பேசுவார்! மில் இருந்த இடமும் ஊருக்கு வெளியே, ஓடைக்கரையில். தண்ணீர் வருகிற நேரத்தில் அரைக்கணும் என்பதால் ராத்திரியிலும் விளக்கெரியும். பேய்க்கதைகளுக்கும் திருட்டுக் கதைகளுக்கும் தோதான இடம்.

இந்தச் சந்தேகம் வெறும் வம்புப் பேச்சாக நின்றிருந்தால் பரவாயில்லை. ஜெர்மனியின் பல பகுதிகளில் மில்காரர் தொழில் 'மானமில்லாத' தொழில்களில் ஒன்றாக வைக்கப்பட்டது. அவர் திருடினாரா இல்லையா என்பது விஷயமே இல்லை. அவர் மகன் நகரத்துக்குப் போய்த் தச்சு வேலையோ தோல் வேலையோ கற்கணும் என்றால் தொழிற்சங்கம் சேர்த்துக்கொள்ளாது. அந்தக் கால நகரத் தொழிற்சங்கங்கள் சேருகிறவனிடம் 'மானமுள்ள பிறப்பு' என்பதற்குச் சான்றுக் கடிதம் கேட்கும். அப்பா மில்காரர் என்றால் கதவு மூடும். நெசவாளர், நாவிதர், ஆடு மேய்ப்பவர், குழல் ஊதுகிறவர் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். பேரரசு 1548-ல் ஆணை போட்டது, இந்தப் பிள்ளைகளைத் தடுக்கக்கூடாது என்று. 1577-ல் மறுபடியும் போட்டது. 1731-ல் இன்னொரு ஆணை. ஒரே ஆணையை இருநூறு வருஷமாகத் திரும்பத் திரும்பப் போடுகிறாங்க என்றால் என்ன அர்த்தம்? யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறப்பு, தொழில், தீட்டு, மூடிய கதவு. எனக்கும் அதுதான் வந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்க. இன்றைக்கு ஜெர்மனியில் முல்லர் என்று ஒருத்தர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் யாரும் டம்ளரைத் தனியாக எடுத்து வைப்பதில்லை. தமிழ்நாட்டில் நாம் அந்தக் காரணத்துக்காகவே பெயருக்குப் பின்னால் இருந்ததை வெட்டினோம். வெட்டிய பிறகும் "அப்பா பேர் என்ன, எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிற ஆட்கள் இருக்காங்க. அங்கே பெயரை வெட்டவே இல்லை, ஆனால் அதிலிருந்த விஷம் வற்றிவிட்டது. எப்படி?

எனக்குத் தோன்றுவது இதுதான். பெயர் ஒரு பக்கம் உறைந்தது, தொழில் இன்னொரு பக்கம் நகர்ந்துவிட்டது. மில்காரரின் மூன்றாவது மகனுக்கு மில் கிடைக்காது. அவன் வேறெங்கோ போவான், பெயரோடு. மில்லுக்குக் குத்தகைக்கு வருகிற புது ஆளுக்கு வேறு பெயர் இருக்கும். 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரொம்பப் பிரபலமான ஒரு மில்காரர் வழக்கு உண்டு. தன் மில்லுக்கு வரும் தண்ணீரை மேலே மீன்குளம் வெட்டித் தடுத்துவிட்டாங்க என்று ஒருவர் போராடினார். 1779-ல் அரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக் நேரடியாகத் தலையிட்டு நீதிபதிகளைச் சிறையில் போடுகிற அளவுக்குப் போனது. அந்த மில்காரர் பெயர் என்ன தெரியுமா? ஆர்னோல்ட்! முல்லர் இல்லை. அதற்குள் பெயரும் தொழிலும் விவாகரத்து வாங்கிவிட்டிருந்தன. அவமானம் மில்லில் நிற்கிற ஆளோடு ஒட்டியிருந்தது, பெயரோடு இல்லை. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் தொழிற்சங்கங்களின் பிடி போனது. யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்று சட்டம் வந்தது. கதவை மூடுகிறவனே போய்விட்டான். எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை, யாரும் மனம் திருந்தியும் நடக்கவில்லை. கதவைப் பூட்டுகிற அதிகாரம் போன பிறகுதான் நடந்தது.

பெயர் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதற்கு ஒரே குடும்பத்தில் அழகான உதாரணம் இருக்கு. ஷூபர்ட் இசையமைத்த 'மில்காரரின் அழகிய மகள்' பாடல் தொகுதி உலகப் புகழ் பெற்றது. அதன் கவிதைகளை எழுதியவர் வில்ஹெல்ம் முல்லர். பெயரும் முல்லர், பாட்டும் மில்லைப் பற்றி. சரி, அப்பா மில் வைத்திருந்தார் போல என்று நினைப்போம். இல்லை, அப்பா டெஸ்ஸவ் நகரத்தில் தையல்காரர்! ஷ்னைடர் வேலை பார்த்த முல்லர்.

அந்த வில்ஹெல்மின் மகன்தான் நமக்குத் தெரிந்தவர். 1823-ல் பிறந்த ஃப்ரீட்ரிஷ் மாக்ஸ் முல்லர். ரிக் வேதத்தைச் சாயணர் உரையோடு ஆறு தொகுதிகளாக அச்சில் கொண்டுவந்தவர். வாழ்க்கையில் ஒரு தடவைகூட இந்தியாவுக்கு வரவில்லை என்பது தனிக்கதை. 'மாக்ஸ்' உண்மையில் அவருடைய முதற்பெயரின் பகுதி, வேபரின் ஓபரா ஒன்றில் வருகிற கதாபாத்திரத்தின் பெயர். ஆனால் வெறும் முல்லர் என்றால் ரொம்பப் பொதுவாக இருக்கிறது என்று, மாக்ஸையும் சேர்த்தே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். பிரிட்டிஷ் தூதராக இருந்த அவர் மகனும் மாக்ஸ் முல்லர் என்றே அறியப்பட்டார். இந்தியாவில் கோத்தே நிறுவனத்தின் கிளைகளுக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர் வைத்ததும் இவர் நினைவாகத்தான். சென்னையில் அங்கே ஜெர்மன் படித்தவங்க யோசித்துப் பாருங்க, அந்தப் போர்டில் ஒரு மாவு மில் இருக்கு.

இவருக்கு முன்பே இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர் ஒருவர் உண்டு. 15-ஆம் நூற்றாண்டின் பெரிய வானியல் அறிஞர் ரெஜியோமொன்டானஸ். நிஜப் பெயர் ஜோஹனஸ் முல்லர். அவர் நிஜமாகவே மில்காரர் மகன். பவேரியாவில் கோனிக்ஸ்பெர்க் என்ற சின்ன ஊர். 'ராஜமலை' என்று பொருள்படும் ஊர்ப்பெயரை லத்தீனாக்கியதுதான் நாம் இன்று அவருக்குச் சொல்லும் பெயர்.

கால்பந்து ரசிகர்கள் இவ்வளவு நேரம் காத்திருந்திருப்பீங்க. கெர்ட் முல்லர், 1970 உலகக் கோப்பையில் பத்து கோல், 1974 இறுதிப் போட்டியில் வெற்றி கோல். தாமஸ் முல்லர், 2010 உலகக் கோப்பையில் ஐந்து கோல். இரண்டு பேரும் பயர்ன் மியூனிக், இரண்டு பேரும் தேசிய அணியில் 13-ஆம் எண். சொந்தமா? இல்லவே இல்லை. 2009-ல் இலக்கிய நோபல் பெற்ற ஹெர்ட்டா முல்லர் ருமேனியாவின் ஜெர்மன் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவருக்கும் இவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜெர்மன் பேச்சில் 'லீஷன் முல்லர்' என்றால் ஒரு சராசரிப் பெண்மணி, நம்ம 'குப்பனும் சுப்பனும்' போல. தனியாகத் தெரிந்தவனைக் குறிக்கப் பிறந்த பெயர், யாரையும் குறிக்காத பெயராகிவிட்டது பாருங்க.

இது சும்மா கேலி இல்லை, அரசாங்கமே ஒப்புக்கொண்ட விஷயம். ஜெர்மனியில் குடும்பப் பெயரை நினைத்தபடி மாற்ற முடியாது. தக்க காரணம் காட்டணும். அப்படி ஏற்கத்தக்க காரணங்களில் ஒன்று, உங்கள் பெயர் 'கூட்டுப் பெயராக' இருப்பது. அதாவது எல்லாருக்கும் இருப்பதால் யாரையும் அடையாளம் காட்டாத பெயர். அதிகாரிகளுக்கான விதிமுறையிலேயே உதாரணமாக முல்லர், ஷ்மிட் போன்ற பெயர்கள் வருகின்றன. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு எழுத்தர் "எந்த ஹான்ஸ்?" என்று கேட்டு எழுதிய சொல்லைப் பற்றி, இன்றைய எழுத்தர் "எந்த முல்லர்?" என்று கேட்கிறார். நிறைய பேர் மனு போடாமல், கல்யாணத்தின்போது இணைப்புக்கோடு போட்டு இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்வாங்க. 2025 மே மாதத்திலிருந்து தம்பதிகள் இருவருமே இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் வைக்கலாம் என்று சட்டம் தளர்ந்திருக்கு. இனிமேல் காலிங்பெல் பலகையில் முல்லருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டு நிற்பதை அதிகம் பார்ப்போம்.

மில்கள்? பெரும்பாலும் போய்விட்டன. 1950-களில் மில்கள் அதிகமாக இருக்கிறதென்று, மூடுகிறவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சட்டமே போட்டாங்க. ஆயிரக்கணக்கில் மூடின. இன்றைக்கு வியாபாரமாக மாவரைக்கிற மில்கள் சில நூறுதான். ஆனால் பழைய மில்களைப் புதுப்பித்து வைத்திருக்காங்க. ஒவ்வொரு வருஷமும் பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை 'ஜெர்மன் மில் நாள்'. அன்றைக்கு நாடு முழுக்கப் பழைய ஆலைகளைத் திறந்து, சக்கரத்தைச் சுழலவிட்டுக் காட்டுவாங்க. அந்தப் பக்கம் இருக்கிறவங்க, விடுமுறைதான், போய்ப் பாருங்க. கல்லுக்கு நடுவே தானியம் விழுகிற சத்தமும், மாவு பறக்கிற அந்த வெள்ளைப் புகையும் நமக்கு ரொம்பத் தெரிந்தவை.

அடுத்த எபிசோடில் மையர். அதை எழுதுவதிலேயே எத்தனை விதம் இருக்கு, ஏன் இருக்கு என்று பார்ப்போம். உங்களிடம் விசாரிக்கச் சொல்லி ஏதாவது பெயர் இருந்தால் அனுப்புங்க.